நான்கு கூடை மண்

குளுவாங்கில் ரயிலை விட்டு இறங்கியபோது என்னிடம் ஒரு தகரப் பெட்டியும், நின்றுபோன ஒரு பத்திரிகையின் கடைசி இதழின் மூன்று பிரதிகளும் இருந்தன. சிங்கப்பூரில் அந்தத் தமிழ்ப் பத்திரிகையில் முதலில் அச்சுக் கோத்தேன், பிறகு பிழை திருத்தினேன், கடைசி இரண்டு வருடம் செய்திகளைச் சுருக்கிப் பத்திக்குள் அடக்கும் வேலை. ரப்பர் விலை விழுந்ததும் விளம்பரம் நின்றது. விளம்பரம் நின்றதும் பத்திரிகை நின்றது. வேறு வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் இருக்கலாம் என்று வந்தேன். ஒரு மாதம் என்று கணக்கு. எட்டு மாதம் இருந்தேன். அந்த எட்டு மாதமும் என் துணிகள் பெட்டிக்குள்ளேயே இருந்தன.

அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரே அறை வீடு. அக்கா, அவள் கணவர், மூன்று வயது மகள். மாமாவுக்கு அங்கே வேர்க் கும்பலில் வேலை. ரப்பர் மரத்தின் அடி மண்ணைக் கிளறி, வேரை வெளியே தெரியும்படி ஆக்கி, அதில் வெள்ளை நூல் படர்ந்திருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இருந்தால் அந்த வேரை வெட்டி, குவித்து எரித்து, குழியில் நோயைக் கொல்லும் நீல மயில்துத்தக் கரைசலை ஊற்ற வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நோய் பக்கத்து மரத்துக்குப் போய்விடும் என்பது கும்பலுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பன்னிரண்டு வருடம் இதைச் செய்திருந்தார். கடைத்தெருவில் நடக்கும்போதும் பார்வை தரையில்தான் இருக்கும்.

விலை விழுந்ததும் முதலில் கலைக்கப்பட்டது வேர்க் கும்பல். நான் போய்ச் சேர்ந்த வாரம் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கரான கிராணி ஓர் உத்தரவை வாசித்தார். வேலை இல்லாதவர்கள் பழைய மரம் பிடுங்கிய சரிவில் வீட்டுக்கு ஒரு துண்டு எடுத்துச் சோளம் போடலாம். வருடக் கடைசி மழைக்கு முன் துரை வந்து பார்ப்பார். எந்த வீட்டுத் துண்டு அந்த வீட்டுத் தலைகளுக்குச் சோறு போடுமோ, அந்த வீடு லயத்தில் இருக்கலாம். மற்றவர்கள் பெயர் கப்பல் பட்டியலில் ஏறும். இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கூட்டத்தில் சிலருக்கு அது நல்ல செய்தி. ஊரைப் பார்த்து வெகு நாளாகிறது என்றார்கள். அக்காவுக்கு அப்படி இல்லை. ஆறு வயதில் கப்பலேறி வந்தவள்.

"அங்க நம்ம தெருக்காரங்க பெரிய கெணத்துல வாளி போட முடியாதுடா" என்றாள் என்னிடம். "யாராச்சும் ஊத்துனாத்தான் தண்ணி. இங்க கொழாய்ல எனக்கு முன்னாடி நிக்கிறவ யாருன்னு நான் கேக்கறதில்ல, அவளும் கேக்கறதில்ல. எம் பொண்ணு அங்க போயி கைய ஏந்தி நிக்கணுமா? நான் போமாட்டேன்."

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சோளத்தைப் பற்றித்தான் பேசினாள்.

முதல் விதைப்பு முழங்கால் உயரம் வந்து நின்றது. அடி இலைகள் முதலில் வெளுத்தன. நுனியில் தொடங்கிய மஞ்சள், நடு நரம்பு வழியாக உள்ளே இறங்கி, இலையின் இரு ஓரமும் மட்டும் பச்சையாக மிஞ்சியது. நான் தினமும் போய்ப் பார்த்து, எத்தனை இலை போயிற்று என்று எண்ணுவேன். எண்ணி ஆவது ஒன்றுமில்லை. எண்ணுவது எனக்குப் பழக்கம்.

அந்தச் சரிவு இருபது வருடமாக ஒரு புல்கூட விடாமல் சுரண்டி வைக்கப்பட்ட நிலம். ரப்பருக்கு அடியில் தரை வெறுமையாக இருப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று அப்போது நம்பினார்கள். மழை அந்த வெறுமையைக் கழுவிக்கொண்டே இருந்தது. மிஞ்சியது சிவப்பு மண், கீழே சரளை.

"வெள்ளை உப்பு ரெண்டு கைப்பிடி போட்டா மூணே நாள்ல நிமுந்துடும்" என்றார் மாமா. சாக்கில் வரும் இரசாயன உரத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். "நாத்தங்காலுக்குப் போட்டுருக்கேன்ல. கண்ணு முன்னாடி பச்சையாவும். ஸ்டோர்ல நாலு மூட்ட கெடக்கு, கல்லாட்டம் எறுகிப்போயி. மாப்ளே, நீ இங்கிலீசுல கேட்டா கிராணி குடுப்பாரு."

இங்கிலீசில் கேட்டேன். கிராணி தமிழில் பதில் சொன்னார்: "அது ரப்பர் கன்னுக்கு. கம்பெனி புதுசா ஒரு மூட்டைகூட வாங்கறதில்ல. ஆளுக்குப் போட்டுட்டு மரத்துக்கு என்ன பண்றது?"

நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரயில் நிலையத்துக்கு நடப்பேன். சிங்கப்பூரிலிருந்து வரும் பத்திரிகைகளில் ஆள் தேவை என்ற பகுதியைக் கடைக்காரர் அனுமதிக்கும்வரை நின்று படிப்பேன். யாருக்கும் ஆள் தேவைப்படவில்லை. இருந்தாலும் அடுத்த தடவைவரை கால் தரையில் நிற்காது. அப்படிப் போகிற வழியில்தான், தோட்டத்து எல்லைக் கால்வாயைத் தாண்டி, ஒரு ஜாவாக்காரப் பெண்ணின் நிலம். கணவனை இழந்தவள். பொந்தியான் பக்கமிருந்து இரண்டு வருடம் முன் வந்து காட்டு ஓரத்தில் குடிசை போட்டவள். அக்கா அவளைக் காக் என்று கூப்பிடுவாள். மலாயில் அக்கா என்று அர்த்தம். அவள் சோளம் என் தலைக்கு மேலே கரும்பச்சையாக நின்றது. நடுவே ஒரு கால்வாய், அதன் கரை இரண்டு பக்கமும் அதே சிவப்பு மண்.

மூன்றாவது தடவை கடந்தபோது நின்று, தெரிந்த மலாயில், என்ன உரம் போடுகிறாள் என்று கேட்டேன்.

"உரமா? உரம் வாங்கற ஆளு மாதிரியா இருக்கேன்?" என்று அவள் தன் கிழிந்த தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். "மண்ணுக்கு மண்ணு போட்டேன்பா."

அவள் சொன்னது இது. பொந்தியானில் அவளுக்கு ஒரு பழைய பயற்றுக் கொல்லை இருந்தது. அங்கிருந்து கிளம்பும்போது மாட்டு வண்டியில் பானை, பாய், கோழிக் கூடையோடு இரண்டு சாக்கு மண்ணையும் ஏற்றினாள். அவர்கள் ஊரில் புது நிலத்துக்குப் போகிற யாரும் பழைய கொல்லை மண் இல்லாமல் போவதில்லையாம். வழியெல்லாம் சீனக் கடைக்காரர்கள் சிரித்தார்களாம், இந்த நாட்டில் மண் இல்லையா என்று. புது நிலத்தில் முதலில் தட்டைப்பயறு. விதையைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து அந்தப் பழைய மண்ணில் புரட்டி ஊன்ற வேண்டும். கொடி பூக்கும்போது அப்படியே வெட்டி மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சோளம்.

"பழைய மண்ணு இல்லாம வெறும் பயறு போட்டா?"

"கொடி வரும். மண்ணு ஏறாது. ஏன்னு என்னைக் கேக்காத."

ஏன் என்று எனக்குப் பாதி தெரியும். பத்திரிகையில் இருந்தபோது ஓர் ஆங்கில விவசாயச் செய்தியைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்: மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு, அவற்றில் சில பயற்றுச் செடியோடு சேர்ந்து காற்றிலிருந்து சத்தை இழுத்து நிலத்தில் சேர்க்கும். அது முழுப் பத்தி நீளச் செய்தி. எனக்கு இடம் முக்கால் பத்திதான் இருந்தது.

அக்கா கால்வாயைத் தாண்டிப் போய்ப் பேரம் பேசினாள். நான்கு கூடை மண்ணுக்கு இரண்டு நாள் களையெடுப்பு. அந்த இரண்டு நாளும் எடுத்தது நான். காக் என் பின்னாலேயே வந்து நான் விட்ட புல்லைப் பிடுங்கியபடி, "உன் தம்பி எழுதற ஆளா? நல்லது. எழுதிக்கிட்டே இருக்கச் சொல்லு" என்றாள் அக்காவிடம்.

மாமாவிடம் கிருமி என்ற சொல்லை நான் சொன்னது தவறு.

"கிருமியா? ஆஸ்பத்திரில கிருமியக் கொல்லத்தான மருந்து அடிக்கிறான்? நீ கூடையில கொண்டாந்து கொட்டுறியா?"

"இது நல்ல கிருமி, மாமா."

"நல்ல கிருமி, நல்ல பாம்பு. பத்திரிகைக்காரரே, நீங்க எழுதுனத நம்பி எத்தன பேரு வெளங்குனான்?"

அக்கா குறுக்கே வந்தாள். "உங்க வெள்ள உப்பு வந்துச்சா? வரல. இது வந்துருக்கு. போட்டுப் பாப்போம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, செனாய்ப் பக்கம் சாலை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிப் போனார். செத்துக்கொண்டிருந்த சோளத்தை நானும் அக்காவும் பிடுங்கினோம். விதையைக் கஞ்சியில் நனைத்து, மண்ணில் புரட்டி, வரிசை பிடித்து ஊன்றினோம். பயறு புதைத்துப் புதைத்துக் காக்கின் மண் கறுத்திருந்தது, எங்கள் மண் சிவப்பு. ஊன்றிய இடமெல்லாம் விரல் ரேகை மாதிரி கறுப்புப் புள்ளி தெரிந்தது. பக்கத்துத் துண்டுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். ஒருவர், "ஏம்மா, பயித்துக்குப் பொட்டு வெக்கிறியா?" என்றார்.

கொடி தரையை மூடியது. நான்காவது வாரம் அதன் பச்சை மாறியது; வெளிறிய பச்சையிலிருந்து அடர்ந்த பச்சைக்கு. நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஒரு செடியைக்கூடப் பிடுங்கிப் பார்க்கவில்லை. மேலே தெரிவதைப் பார்த்துக் குறித்துக்கொள்வதே போதும் என்ற எண்ணம். அது என் தொழிலின் குறை.

ஐந்தாவது வாரம் மாமா திரும்பி வந்தார். வந்த மறுநாள் காலை அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். நான் ரயில் நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சரிவிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. ஓடினேன். அவர் கையில் பிடுங்கிய ஒரு கொடி. வேர் முழுவதும் மிளகு அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் உருண்டை உருண்டையாக முடிச்சுகள்.

"இது என்னடா?"

இன்னொன்றைப் பிடுங்கினார். அதிலும் முடிச்சு. இன்னொன்று. பன்னிரண்டு வருடம் வேரில் வீக்கத்தைத் தேடிய கை அது. இப்போது தொட்ட இடமெல்லாம் வீக்கம்.

"மாப்ளே, படிச்சவன்தான நீ? இது நோயா, இல்லையா? சொல்லு!"

நான் அந்த வேரைப் பார்த்தேன். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஊகமாக ஏதாவது சொல்வது எனக்குப் பிடிக்காது. உறுதி செய்யாத செய்தியைப் போடாதே என்று எட்டு வருடம் பழக்கியிருந்தார்கள்.

"தெரியலை, மாமா" என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. நோய் என்று சந்தேகம் வந்தால் கும்பல் கேள்வி கேட்டு நிற்பதில்லை. மேல் வரிசையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார். பிடுங்கிய கொடியை வேர் உள்பக்கமாக இருக்கும்படி குவித்தார், கீழே ஒன்று உதிராதபடி. காய்ந்த சோளத் தட்டையைப் போட்டுத் தீ வைத்தார். வீட்டுக் கூரையில் செருகியிருந்த பழைய மயில்துத்த டப்பாவை எடுத்து வந்து, வாளியில் கரைத்து, பிடுங்கிய குழிகளில் ஒவ்வொன்றாக ஊற்றினார். வேலை மிகச் சுத்தம். இரண்டு மணி நேரத்தில் துண்டின் மேல்பாதி வெறும் தரை. அங்கங்கே நீலக் கறை.

நான் தடுக்கவில்லை. உதவியும் செய்யவில்லை. நின்றேன்.

அக்கா குடத்தோடு வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராகப் போய் மாமா கையிலிருந்த வாளியைக் காலால் உதைத்தாள்.

"கப்பலுக்கு நீங்களே பேரு குடுத்துட்டு வந்துருக்கலாமே. இம்புட்டுக் கஷ்டம் எதுக்கு?"

"நோய்டி! பாரு! வேரெல்லாம் நோய்!"

"யாரு சொன்னா?"

மாமா என்னைப் பார்த்தார். "உந் தம்பியக் கேட்டேன். தெரியலன்னான்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. புகையைப் பார்த்துக் கால்வாயைத் தாண்டி வந்த காக்தான் அப்போது நடுவில் நுழைந்தாள். எரிந்த குவியலைப் பார்த்தாள், நீலக் கறையைப் பார்த்தாள். "அலமாக்" என்றாள், நாம் ஐயோ என்பதுபோல. கீழ்ப்பாதியிலிருந்து ஒரு கொடியைப் பிடுங்கி, ஒரு முடிச்சைக் கிள்ளி எடுத்து, கட்டைவிரல் நகத்தால் இரண்டாகப் பிளந்து மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பு. மீன் செவுளின் நிறம்.

"செத்ததா இது? நோய் வந்த வேருக்கு உள்ள இப்படியா இருக்கும்? பாரு, ஹிடுப்." உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

மாமா அந்த முடிச்சை வாங்கினார். முகர்ந்தார். ரப்பர் வேரில் நோய் என்றால் ஒரு காளான் வாடை உண்டு. இதில் ஈர மண் வாடைதான். வேறொன்றைப் பிளந்தார். அதுவும் சிவப்பு. தொட்டுப் பார்க்காமல், பிளந்து பார்க்காமல் அவர் எந்த ரப்பர் வேரையும் வெட்டியவர் இல்லை. அன்று மட்டும் பயம் கையை முந்திக்கொண்டது. அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் செய்தியின் கால் பத்தி ஞாபகம் வந்தது. ஆங்கில மூலத்தில் கடைசி மூன்று வரி. இந்தக் கிருமிகள் பயற்றின் வேரில் சிறு முடிச்சுகளாகக் குடியிருக்கும், பார்க்க நோய் மாதிரித் தோன்றலாம், உள்ளே சிவந்திருந்தால் நன்றாக வேலை செய்கின்றன என்று பொருள். அதைப் படித்தேன். நீளம் என்று வெட்டினேன். வெட்டிய வரியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, நான் உட்பட. அன்று மாலைவரை அதை அக்காவிடம் சொல்லலாமா என்று யோசித்து, கடைசியில் சொன்னேன். அவள் பெண்ணுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு வரியா?" என்றாள்.

"மூணு வரி."

"சரி, சாப்புடு."

மிஞ்சிய பாதியை மாமா காவல் காத்தார் என்றே சொல்ல வேண்டும். ஆடு வந்தால் கல்லெறிவார், பக்கத்துத் துண்டுக்காரர் வந்தாலும் எழுந்து நிற்பார். பூக்கும்போது கொடியை வெட்டிப் புதைத்தோம். அழுகட்டும் என்று இரண்டு வாரம் விட்டோம். பிறகு முழுத் துண்டிலும் சோளம் ஊன்றினோம், மேலேயும் கீழேயும் ஒரே நாளில், ஒரே விதை. எனக்கு அந்த நாட்கள்தான் மிகவும் கடினமாக இருந்தன. உட்கார முடியாது. காலையில் கீழ்வரிசைக்கு ஒரு நடை, மத்தியானம் ரயில் நிலையம், திரும்பும்போது மறுபடி ஒரு நடை. கப்பல் எப்போது என்று லயத்தில் தினம் ஒரு பேச்சு வரும். அக்கா எதற்கும் காது கொடுக்காமல் களை எடுப்பாள். எடுத்த களையை எறியாமல் வரிசைக்கு நடுவிலேயே பரப்புவாள். அது தோட்டத்து வழக்கத்துக்கு நேர்மாறு.

கீழ்ப்பாதிச் சோளம் ஏறியது. இடுப்பு, மார்பு, தலை. இலை அகலம், நிறம் காக்கின் நிலத்து நிறம். மேல்பாதி முழங்காலில் நின்று, பழையபடி நுனியிலிருந்து மஞ்சளடித்தது. நடுவில் கோடு போட்டது மாதிரி இருந்தது. அன்று காலை நான் கத்தித் தடுத்திருந்தால் அந்தக் கோடு துண்டின் மேல் ஓரத்தில் இருந்திருக்கும்.

கதிர் பால் பிடித்திருந்தபோது துரை வந்தார். கூடக் கிராணி, கையில் நோட்டு. பெரும்பாலான துண்டுகள் மஞ்சள். அந்த வீட்டார் பெயர்கள் நிற்காமல் எழுதப்பட்டன. எங்கள் துண்டில் துரை நின்றார். கீழே பார்த்தார், மேலே பார்த்தார்.

"ஏன் இப்படி?" என்று கிராணி மூலம் கேட்டார்.

மாமா மண்வெட்டியை எடுத்தார். ஓரத்தில் விதைக்காக அக்கா விட்டு வைத்திருந்த நாலைந்து பயற்றுக் கொடிகளில் ஒன்றைத் தோண்டினார், ரப்பர் வேரைத் திறப்பதுபோல, ஒரு நூல் வேர்கூட அறாமல். முடிச்சைப் பிளந்து துரையின் முன் நீட்டினார்.

"இது இருந்த எடம் பச்ச. மேல இருந்தத நாந்தான் நோய்னு எரிச்சேன், மருந்து ஊத்துனேன். எந் தப்பு" என்றார். கிராணி மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் மொழிபெயர்த்தேன், எதையும் வெட்டாமல்.

துரை அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழ்ப்பாதியை முனையிலிருந்து முனைவரை நடந்து, சில கதிர்களைத் தோலுரித்துப் பார்த்தார். கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி நோட்டைப் புரட்டினார்.

"மூணு தலைக்குத்தான் வருமாம். இங்க நாலு பேருன்னு போட்டுருக்கு. நாலுன்னா பட்டியல்ல சேரும்."

அக்கா என்னைப் பார்க்கக் கூடாது என்று குழந்தையைப் பார்த்தாள். பத்திரிகையில் இடத்துக்கு மேல் வரி இருந்தால் எதை வெட்டுவது என்று முடிவு செய்வது என் வேலை. இந்தத் தடவை யோசிக்க ஒன்றுமில்லை.

"மூணுதான், சார்" என்றேன். "நான் விருந்தாளி. இன்னைக்கு மத்தியான வண்டிக்குக் கிளம்பறேன்."

கிராணியின் பென்சில் ஒரு கோடு இழுத்தது. அடுத்த துண்டுக்குப் போனார்கள். மாமா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா, "வேல கெடச்சுருக்கா?" என்று கேட்டாள்.

"போனாத்தான் தெரியும்."

எட்டு மாதமாகக் கிளம்பத் துடித்தவன் நான். பெட்டியை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அது தயாராகவே இருந்தது. வாசலுக்கு வந்தபோது அக்கா சரிவில் குனிந்திருந்தாள். ஓரத்துப் பயற்றுக் கொடிகளைச் சுற்றியிருந்த மண்ணைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். மாமா மேல்பாதியில் நீலம் கலந்த மண்ணைச் சுரண்டி வெளியே எறிந்துகொண்டிருந்தார்.

"மேல கொண்டு போகணும்" என்றாள் அக்கா நிமிராமல். "நாலு கூட மண்ணு. ரெண்டத் தூக்கிக் குடுத்துட்டுப் போ."

பெட்டியை வைத்துவிட்டு இரண்டு கூடை தூக்கினேன். பிறகு மற்ற இரண்டையும் தூக்கினேன். மத்தியான வண்டி ஊதுவது சரிவுவரை கேட்டது. மறுநாள் வண்டிக்குத்தான் போனேன்.